முருகனுக்கே ஃபெயில் போட்ட கட்டை விரல்

எங்கள் தெருக் கோடியில் நின்றால் கல்குவாரியின் வெள்ளைப் புழுதி தெரியும். அங்கே வெடி வைத்தால் என் சமையலறையில் டம்ளர்கள் தாமாகப் பேசிக்கொள்ளும். தண்ணீர் கெடுகிறதா என்று மாதாமாதம் பார்த்துச் சொல்ல, பஞ்சாயத்தில் ஊர்ப் பெண்கள் சிலருக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்கினார்கள். எட்டாவதோடு நின்ற எனக்கும் ஒன்று கிடைத்தது. அதைச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். காவடி எடுத்து மலைக்கு நடப்பவர்களுக்கு எங்கள் போர் தண்ணீரில்தான் வருஷா வருஷம் பானகம் கரைப்போம். அந்த வாரம் வெடிச் சத்தம் அதிகம். தண்ணீர் நல்லதென்று தெரியாமல், சாமியை நினைத்து வருகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? மற்ற சோதனைகளில் தேறிவிட்டது. பாக்கி புளிப்புச் சோதனை ஒன்றுதான். காலையில் குளித்து, போர் பைப்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, வாயைக் கட்டை விரலால் மூடிக் குலுக்க வேண்டும். பச்சை வந்தால் நல்லது. சிவந்தால் ஆகாது.

குலுக்கினேன். சிவந்தது.

"இன்னாடி இது, ரோஸ்மில்க் கணக்கா கீது?" என்றாள் அடுத்த வீட்டிலிருந்து வந்த என் அக்கா.

அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா, கேன் தண்ணீர்க் கட்சி. "நான் சொல்லிக்கினேதான கீறேன்? இந்தா மச்சினி, என் கேன் தண்ணிய ஊத்து. சும்மா கிளி கணக்கா பச்சையா வரும் பாரு."

ஊற்றிக் குலுக்கினேன். அதுவும் சிவப்பு.

"இத்தத்தான் தெனம் தோள்ல தூக்கிக்கினு வரியா?" என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரோஷம் வந்து பாவா, சாமி அலமாரியில் இருந்த மலைக்கோயில் தீர்த்தத்தையே நீட்டினார். கும்பிட்டு வாங்கிக் குலுக்கினேன். ரத்தச் சிவப்பு!

"அடிப்பாவி, முருகனுக்கே ஃபெயில் போட்டுட்டியே!" என்றார் பாவா.

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. போர் கெடலாம், கேன் கெடலாம், அவன் தீர்த்தம் கெடுமா? கோளாறு தண்ணீரில் இல்லை, என்னிடம்தான். சொல்லி வாய் மூடவில்லை, அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"வெரலப் பாருடி! குங்குமத்த அப்பிக்கினு ஒண்ணொண்ணா மூடி மூடிக் குலுக்கிக்கினு கீற!"

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன். குழாயையும் கழுவினேன். மறுபடி போர் தண்ணீர், மறுபடி சொட்டு. வாழைக் குருத்துப் பச்சை!

"அரோகரா!" என்று கத்தியே விட்டேன்.

அதுதான் தப்பாகிப் போனது. காவடி முன்கூட்டியே வந்துவிட்டதென்று தெருவே கிளம்பிவிட்டது. காவடிக்காரர் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்த எதிர்வீட்டு அம்மா, மூச்சு வாங்க நின்றார்.

"எங்கம்மா காவடி?"

"ஆங், தோ கையில வெச்சிக்கினு குதிக்குது பாருங்க," என்றார் பாவா. "தண்ணி பாஸு! போயி வெல்லத்த இடிங்க!"

"எடுத்தாந்த தண்ணிய திருப்பி எடுத்துக்கினு போவ மாட்டேம்பா," என்று அந்த அம்மா குடம் மொத்தத்தையும் என் காலில் கவிழ்த்தார். நான் குழாயை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். அதில் ஒரு சொட்டு மஞ்சள் தெறித்தால் பாவா சும்மா விடுவாரா?