சிலோனம்மாவின் பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் அம்மா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மா இல்லாத வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபமும் அழுகையும் மாறி மாறி வருகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது சுங்கை ஆயர் தாவாருக்கு அருகே ஒரு தோட்டத்தில், கிராணி வீட்டில். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கணக்கு எழுதும் கிராணியாக வந்தவர். அப்பா அதே தோட்டத்தில் லோரி ஓட்டியவர், தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளை. கிராணி மகள் லோரிக்காரரைக் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? தாத்தா வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லையாம். ‘தோட்டக்காரி’ என்பார்களாம், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது கோல சிலாங்கூர் பக்கம், எங்கள் லயத்துக்கு. வந்த அன்றே பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை பெயர் வைத்துவிட்டார். அம்மா எதற்கெடுத்தாலும் யாழ்ப்பாணத்தார் போல “ஓம்” என்றதைக் கேட்டு, “அடி ஆத்தி! நம்ம லயத்துக்கு சிலோன் வந்திருச்சுடி!” என்று கத்தினாராம். எங்கள் லயத்தில் ஊர்ப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. சேலத்தார் ஒருவர், மதுரைக்காரி ஒருவர், அந்தக் கடைசி வீட்டில் மலையாளத்து மாமா. இவர்களில் ஒருவர்கூட அந்த ஊர்களைக் கண்ணால் கண்டதில்லை. அம்மாவும் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. ஆனாலும் சிலோன், பிறகு சிலோனக்கா, வயதானதும் சிலோனம்மா.

சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “ஏம்மா, உங்களுக்கு ரோஷமே இல்லையா?” என்று ஒரு நாள் சண்டை பிடித்தேன். அம்மா புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “கூப்பிடட்டும் பிள்ளை. அப்பா வீட்டிலயிருந்து எனக்கு வந்த சீதனம் அது ஒண்டுதான்” என்றார்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகும், எங்கள் பிள்ளைகள் வயதில் இருப்பவர்களெல்லாம் புக்கிட் பெருந்துங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்ட பிறகும் லயத்தை விட்டு வர மறுத்தார். எவர் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அம்மாவின் சொதி அங்கே போகும். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டார் போலும்.

கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வேறொண்டும் வேண்டாம். அண்ணன் கையால ஒரு கோடி விழுந்தாப் போதும்” என்றார். கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வந்து உடம்பில் விழ வேண்டும் என்பது லயத்து முறை. இத்தனை ஆண்டுகள் லயத்தில் இருந்து அம்மாவும் அதையே ஆசைப்பட்டார். அம்மா போனதும் நான் அவர் அண்ணனை, எங்கள் மாமாவை, தொலைபேசியில் தேடிப் பிடித்துச் சொன்னேன். கோலாலம்பூரில் இருந்த அந்த வயதான மனிதர் உடைந்து அழுதார். “கட்டாயம் கொண்டு வாறன் பிள்ளை” என்றார்.

அம்மாவை எடுக்க வேண்டிய அன்று வெயில் கொளுத்தியது. மாமா வரவில்லை. எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. சுடுகாட்டில் குறித்த நேரம் நெருங்கிவிட்டது. “இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்லா” என்று தம்பி கெஞ்சினான். “சிலோன்காரங்க வரமாட்டாங்க, எடுங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் வாயை அன்றைக்கு நான் கிழிக்காதது அம்மாவின் முகத்துக்காகத்தான்.

அஞ்சலை அத்தை வீட்டுக்குள் போனார். தீபாவளிக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புடவையோடு வந்தார். “நகருங்கடி. பேரு வைக்கிறது பொறந்த வூட்டு வேலதானே? இவளுக்குப் பேரு வச்சவ நான். கோடியும் நானே போடுறேன்” என்றார். போட்டுவிட்டு அம்மாவின் மேலேயே விழுந்து, “ஏ சிலோனு, ஏ சிலோனு” என்று அழுதார். நாங்கள் எல்லோரும் கதறிவிட்டோம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. மாமா படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் புடவைப் பை. காலையிலேயே புறப்பட்டவர்தான். முச்சந்திக் கடையில் அம்மாவின் முழுப்பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொல்லி விசாரித்திருக்கிறார். கடைக்காரருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. “இங்க செத்தது எங்க சிலோனம்மா. நீங்க கேக்குறவங்க இல்லீங்க. அடுத்த தோட்டத்துலயும் ஒரு சாவுன்னாங்க, அங்க பாருங்க” என்றிருக்கிறார். மாமா அங்கே போய், முன்பின் தெரியாத ஒருவரின் உடலுக்கு முன்னால் புடவையோடு நின்றிருக்கிறார்.

“சிலோன்னு சொன்னப்பவே தெரியலீங்களா மாமா?” என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் நன்றாகவே உயர்ந்திருந்தது.

“எங்கட வீட்டில அவவைத் தோட்டக்காரி எண்டுதானே சொன்னனாங்கள், பிள்ளை” என்றார் மாமா. “சிலோன் எண்டால் வேற ஆரோ எண்டு நினைச்சிட்டன்.”

அம்மா கடைசி வரை சிலோனாக இருந்ததை அவர்கள் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

பிறகு மாமா அந்தப் புடவையை அஞ்சலை அத்தையிடம் நீட்டினார். “என்ர தங்கச்சிக்கு நீங்கள்தானே கோடி போட்டனீங்கள். இதை நீங்கள் வாங்குங்கோ” என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வச்சிருங்கண்ணே. நான் போறப்போ வந்து எம்மேல போடுங்க. என்னை எல்லாரும் அஞ்சலன்னுதான் கூப்புடுவாங்க, வழி தப்பாது” என்றார்.

அம்மாவைத் தூக்கிய தோள்களுக்கும், சமைத்துப் போட்ட லயத்துப் பெண்களுக்கும், சாம்பலைக் கரைக்கச் சுங்கை செம்பிலாங்கில் படகு தந்த சகோதரருக்கும், தம் புடவையைக் கொடுத்த அஞ்சலை அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. தகவல் சொல்லிய கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அம்மாவைச் சரியாகத்தான் சொன்னார்.

மலரின் அட்டையில் அம்மாவின் படத்துக்குக் கீழே முழுப்பெயரை மட்டும் போடத்தான் கொடுத்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன் மாமா என்னை அழைத்தார். பெயருக்குப் பக்கத்தில் ‘சிலோனம்மா’ என்றும் போடச் சொன்னார்.

“பெரிய எழுத்தில போடு பிள்ளை. இனி அவவைத் தேடி வாறவை வேற வீட்டுக்குப் போயிடக் கூடாது.”