கழுத்தில் நின்ற விரல்கள்

எங்கள் மருத்துவ மாணவர் சங்கத்தில் பதவி என்றால் அடிதடிதான். தலைவர் ஆகிவிட்டால் வெளிநாட்டு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகலாம். செயலாளர் ஆனால் மாநாட்டு மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ரத்ததான முகாமில் பிஸ்கட் நீட்டுகிற வேலைக்குக்கூட முண்டியடிப்பார்கள், சான்றிதழில் வரும் என்பதால். யாரும் சீந்தாத வேலை ஒன்றே ஒன்று, சனிக்கிழமை மாதிரித் தேர்வுகளில் நோயாளியாக நடிப்பது. அதை என் அறைத்தோழி வலியப் போய் வாங்கிக்கொண்டாள்.

கல்லூரியே அவளைப் ‘பேஷண்ட்’ என்றுதான் கூப்பிட்டது. பஸ் டிரைவரின் மகள். பள்ளிக்கூட நாட்களில் அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதிப் பாடத்தைப் படித்து முடித்தவள். மூளைக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாடத்தில் இரண்டாவது முறைதான் தேறினாள்.

“பேஷண்டா உக்காந்தா நிம்மதிடி. என்ன கேட்டாலும் பதிலை நீ எழுதிக் குடுத்துடறே. முழிக்க வேண்டியது எதிர்ல இருக்கறவங்க” என்பாள்.

நடிப்புக்கான குறிப்புகளை எழுதுவது நான். அவள் குடல்வால் வலி என்று சுருண்டால் நெற்றியில் நிஜமாகவே வியர்வை பூக்கும். ஒருமுறை காவலாளி பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கழுத்துப் பரிசோதனை. நடிக்கவே தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் போதும். தேர்வு எழுத வந்த ஜூனியர் பின்னால் நின்று, தொண்டையின் இரு பக்கமும் விரல் வைத்து, தைராய்டு வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பதோ ஆரோக்கியமான கழுத்து. ஆகவே முறைப்படி எல்லாம் செய்துவிட்டு ‘ஒண்ணும் இல்லை’ என்று முடித்தால் முழு மதிப்பெண். சங்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. பொடிசாக இருப்பாள், சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தோம். அவள்தான் முதலில் வந்தாள். தடவினாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள், மறுபடியும் குடிக்கச் சொன்னாள்.

“வலது பக்கம் ஒரு கட்டி இருக்குண்ணா. முழுங்கறப்போ மேல வருது.”

மதிப்பெண் போட எதிரில் உட்கார்ந்திருந்த எங்கள் சங்கத் தலைவருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். “புக்குல படிச்சதை எல்லாம் நல்ல கழுத்துல தேடுவியா? இப்படியே போனா இல்லாத கட்டிக்கு ஒருத்தன் கழுத்தை அறுத்துடுவே. ஸீரோ. அடுத்த ஆளைக் கூப்பிடு!”

சுண்டெலி உதட்டைக் கடித்துக்கொண்டு திரைச்சீலையைத் தாண்டிப் போனாள். அந்தக் கத்தல் வெளியே வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அடுத்து வந்தவனின் விரல்கள் இறங்கின. வலது பக்கம் ஓரிடத்தில் நின்றன. பிறகு வேகமாக விலகின.

“ஒண்ணும் இல்லைண்ணா.”

அதற்கடுத்தவளின் விரல்களும் அங்கேயே நின்றன. அவளும் ஒன்றுமில்லை என்றாள். அதற்கடுத்தவனும் அப்படித்தான். பேஷண்ட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதை நான் பார்த்தேன். அத்தனை பேரின் விரலும் ஒன்றைச் சொல்ல, வாய் வேறொன்றைச் சொல்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும்? கழுத்து அவளுடையது.

“அண்ணா, நிஜமாவே ஏதோ இருக்கு” என்றாள் எழுந்து.

தலைவர் கைதட்டினார். “சபாஷ்! ஆனா இன்னைக்கு உனக்கு நடிக்கற சீன் கிடையாதும்மா, உக்காரு.”

அறை முழுக்கச் சிரிப்பு. அவள் யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். வெளிறிப்போன அந்த முகத்தை நான் எந்தக் குறிப்பிலும் எழுதிக் கொடுத்ததில்லை. ஓடிப்போய் விரலை வைத்தேன். இருந்தது. பட்டாணி அளவுக்கு, கெட்டியாக.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். முடிவு வந்தது. புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். “இந்த வகை பெரும்பாலும் குணமாயிடும்மா.”

வராந்தாவுக்கு வந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பெரும்பாலும்னா, மிச்சப் பேர் யாருடி?”

அந்தச் சொல்லை எத்தனை விடைத்தாளில் கூசாமல் எழுதியிருக்கிறேன்! அவள் அப்பாவுக்கு போன் செய்தாள். அவர் பஸ்ஸைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின சனிக்கிழமை, வழக்கம்போல அவள் தேர்வு அறைக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பைத்தியமாடி உனக்கு? பேசாம படுத்திரு.”

“தொட்டுட்டு இல்லைன்னு சொன்னாங்கல்ல, அத்தனை பேரும் வரணும். நாளைக்கு வேற யார் கழுத்துலயாவது கை வெச்சுட்டு இப்படியே சொல்லுவாங்க.”

வந்தார்கள். தலைவர் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒவ்வொருவராகப் பின்னால் போய் விரலை வைத்து, “இருக்குக்கா” என்றார்கள். ஒவ்வொரு ‘இருக்கு’வுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. போதும் என்று நான் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

கடைசியாக, கூப்பிடாமலே வந்திருந்த சுண்டெலி. விரல்கள் போன இடத்திலேயே நின்றுவிட்டன. கண்ணீர் பேஷண்டின் தலைமுடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்லக்கா” என்றாள்.

பேஷண்ட் அவள் கையைப் பிடித்து, கட்டியின் மேலேயே அழுத்தி வைத்தாள். ஒரு வாய் தண்ணீர் விழுங்கினாள்.

“ஒழுங்காச் சொல்லு.”

“இருக்குக்கா. வலது பக்கம். கெட்டியா இருக்கு.”

“சரி.” அவள் குரல் உடைந்துவிட்டது. “நான் பொழைச்சுக்குவேனா டாக்டர்?”

நாங்கள் எல்லோரும் சுண்டெலியைப் பார்த்தோம்.

“தெரியலக்கா” என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.