சகலையின் காரும் என் சுண்ணாம்பும்

என் சகலை ஒரு பழைய காரை வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் கல்யாணத்தன்று, பெண்ணைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போக அவனே காரோடு வந்து நின்றான். ரேடியேட்டரில் தண்ணீர் சொட்டுவதைக் குனிந்து பார்த்தேன். ‘சந்தை நடுவில் நின்று இவன் மானம் போகட்டும்’ என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளே உட்காரப்போவது என் மகள் என்பது புத்தியில் ஏறவில்லை.

வடசேரிச் சந்தையருகே குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. “ஐயோ தீ! இறங்கு மக்களே!” என்று மகளைப் பார்த்து அலறி, முதலில் குதித்தவன் நான்தான்.

“அப்பா, வேட்டி!” என்றாள் மகள், உள்ளே இருந்தபடி. அது கார்க்கதவில் தொங்கியது.

சர்ச்சில் மாப்பிள்ளை காத்திருக்கிறான். நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சகலை பதறவில்லை. கடையில் ஒரு முட்டை வாங்கி, வெள்ளைக்கருவில் என் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து ஓட்டையில் அப்பினான். சூட்டில் அது இறுகியது. தண்ணீர் ஊற்றினான். பிறகு என் காதோடு கேட்டான்: “அண்ணாச்சி, காலையில குனிஞ்சு எதைப் பாத்தீய?”

“செருப்பை.”

சர்ச் வாசலில் எல்லோரிடமும், “அண்ணாச்சி சுண்ணாம்பு இல்லேன்னா வண்டி வந்து சேர்ந்திருக்காது,” என்றான்.

காரின் மேலிருந்த பொறாமை அன்றே தீர்ந்தது. அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமைதான் இன்னும் தீரவில்லை.