அசையாமல் உட்கார்ந்த புறா

பேசிக்கொண்டிருக்கும்போதே என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொள்வான் ஷாஹிர். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் மஞ்சள் துணியை எடுத்து இரண்டு பக்கமும் வட்டமாகத் துடைப்பான், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான், பிறகு மறுபடி என் மூக்கிலேயே கொண்டுவந்து வைப்பான். "இதுக்குள்ளாற என்னத்தத் தெரியுது உங்களுக்கு உம்மு ஃபாரிஸ்? புழுதிக்காத்து அடிச்ச ஜன்னல் மாதிரி இருக்கு." ஃபாரிஸின் அம்மா என்பதால் எல்லோருக்கும் நான் உம்மு ஃபாரிஸ். அம்மான் நகரக் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. கடையைப் பூட்டினாலும் கை பூட்டிக்கொள்வதில்லை.

ஜோஃபே மலையில் நாங்கள் ஒரே கட்டிடத்துக்காரர்கள். மேல்மாடி என்னுடையது, அதற்கும் மேலே மொட்டைமாடி. அங்கே என் துணிக்கொடியும் இருக்கிறது, அவன் புறாக்கூண்டும் இருக்கிறது. நான் வெள்ளை விரிப்பு காயப்போடுகிற அன்றைக்குத்தான் அந்தப் புறாக்களுக்கு வயிறு இளகும். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியே ஓய்வுபெற்ற தொண்டை இது, தெருக்கோடி வரை கேட்கும். மறுநாள் காலையில் என் வாசலில் அவன் வைத்த சலவைத்தூள் பாக்கெட் இருக்கும். இப்போது என் அலமாரியில் சலவைத்தூள் வைக்க இடமில்லை.

சாயங்காலம் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடியேறிவிடுவான். நுனியில் கறுப்புத் துணி கட்டிய நீளக் கழியைச் சுழற்றினால் கூட்டம் மேலே போகும், விரலை மடக்கி விசிலடித்தால் கீழே வரும். வாய் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருக்க, கண் மட்டும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தாஜ் மலையில் இருக்கும். எங்கள் ஊரில் புறா விடுகிறவர்களுக்குள் சமாதானம், சண்டை என்று இரண்டே உறவு. சமாதானக்காரனுடைய புறா வழிதவறி உன் கூட்டத்தோடு இறங்கினால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சண்டைக்காரனுடையது இறங்கினால் வலைபோட்டுப் பிடித்து, சிறகை நூலால் கட்டி, புது வீடு பழகும் வரை வைத்துக்கொள்ளலாம். அவனும் கேட்கக் கூடாது, நீயும் கொடுக்கக் கூடாது. தாஜ் மலையில் நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த மாடியோடு ஷாஹிருக்குச் சண்டை. அது மர்வான் என்பவனின் மாடி. அவர்கள் முகம் பார்த்துப் பேசி வருஷங்கள் ஆகின்றன. கழிக்குக் கழிதான் பேச்சு; அந்தத் தூரத்தில் சுழலும் கழி தெரியும், பிடித்திருக்கிற ஆள் யாரென்று தெரியாது.

புறாக்காரன் சாட்சி கோர்ட்டில் எடுபடாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பிடித்த புறாவைப் பிடிக்கவே இல்லை என்று சாதிக்கிறவன் வேறு எதில்தான் உண்மை பேசுவான் என்பது கணக்கு. இந்தப் பேச்சால் ஷாஹிருக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணமாகவில்லை. பெண் கேட்டுப் போன வீட்டில் காபிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் யாராவது ஒரு மாமன், "மொட்டைமாடியில என்ன வச்சிருக்க தம்பி?" என்று கேட்டுவிடுவான். இவனும் உள்ளதைச் சொல்லிவிடுவான். அப்புறம் அந்தக் காபி ஆறிப்போகும்.

அதனால்தான் அவன் அக்கா இல்ஹாம், கல்யாணத்துக்கு ஆள் பார்க்கிற செயலி ஒன்றை அவன் போனில் இறக்கிக் கொடுத்தாள். அதற்குப் படம் வேண்டும். சும்மா நிற்கிற படம் போதாதாம், பொழுதுபோக்கு தெரிய வேண்டுமாம். ஜெர்மனியிலிருந்து என் மகன் அனுப்பிய போனில் படம் நன்றாக விழும் என்பதால் என்னையும் இழுத்துவிட்டார்கள். எனக்கும் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கசக்குமா என்ன.

மற்றவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் பார்த்தோம். பெட்ராவில் வாடகைக்கு நிற்கும் ஒரே குதிரையின் மேல் ஏழெட்டு ஆண்கள், ஆளுக்கொரு படம். குதிரைக்காரன் பிடித்திருக்கும் கடிவாளம் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. இன்னொருவன் யாருடைய காரிலோ சாய்ந்திருக்கிறான். ஒருவன் புத்தகம் வாசிக்கிறான், புத்தகம் தலைகீழ். பெண்கள் முகமே போடவில்லை. ஒரு ரோஜா, ஒரு காபிக் கோப்பை, மருதாணி இட்ட கை, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி பார்த்தால் வீட்டில் யார் பதில் சொல்வது.

இல்ஹாம் யாரிடமோ இரவல் வாங்கி ஒரு ஊத் வாத்தியத்தோடு வந்தாள். தம்பியை என் சோபாவில் உட்கார வைத்து மடியில் அதைக் கொடுத்தாள். பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வர முதுகில் தட்டுகிற மாதிரி அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"விரலைத் தந்தி மேல வைடா. கண்ணை லேசா மூடு."

"எதுக்கு மூடணும்?"

"பாட்டுல லயிச்சிருக்கன்னு அர்த்தம்."

எடுத்த படத்தை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "பல்வலிக்காரன் மாதிரி இருக்கேன். அழிச்சிடுங்க."

"புறாவைப் போட்டா ஒருத்திகூட நின்னு பார்க்க மாட்டா, தெரிஞ்சுக்க," என்றாள் இல்ஹாம். "கல்யாணம் ஆகட்டும், அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்."

"மறைச்சுக் கட்டிக்கிட்டா மறுநாள் சாயங்காலம் நான் எப்படிக்கா மாடிக்குப் போறது? தண்ணித்தொட்டி பார்க்கப் போறேன்னு வருஷம் பூராவும் சொல்ல முடியுமா?" ஊத்தைப் பத்திரமாக உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். "என்னை இதோட சேர்த்துப் பார்த்து சரின்னு சொல்றவ போதும். வராட்டி இருந்துட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. லென்ஸ் பவரைச் சொல்வது போலச் சொன்னான். அந்தக் குரலுக்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று இல்ஹாமுக்கும் தெரியும், அவள் ஊத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் பல சாயங்காலங்கள் எனக்கு மொட்டைமாடியில் போயின. கூட்டம் வானத்தில் ஒரே சமயத்தில் திரும்பும்போது அடிவயிற்று வெள்ளை அத்தனையும் ஒன்றாகப் பளிச்சென்று தெரியும். அது அவன் தலைக்குப் பின்னால் விழ வேண்டும், கையில் ஒரு புறாவும் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் திரும்பினால் அவன் கண் அதோடு போய்விடும், படத்தில் பிடரிதான் விழும். அவன் என்னைப் பார்த்தால் பின்னால் கொடியில் என் உள்பாவாடை காற்றில் பறக்கும். கையில் எந்தப் புறாவை வைத்தாலும் கூட்டத்தைக் கண்டதும் துள்ளிப் பறந்துவிடும். எனக்குக் கால் கடுத்தது. அவனோ ஒவ்வொரு தடவையும் போனை வாங்கி மஞ்சள் துணியால் துடைத்துக் கொடுத்து, "இன்னொரு தடவை, உம்மு ஃபாரிஸ்," என்பான். முகத்தைப் பளபளப்பாக்கும் பொத்தானை நான் அழுத்தப் போனால் கையைப் பிடித்துக்கொள்வான்.

கடைசியில் ஒரே ஒரு புறா அசையாமல் உட்கார்ந்தது. புகைநிறம், வால் மட்டும் வெள்ளை, பாதத்தில் குஞ்சம் கட்டியது போல இறகு. அவன் விரலில் உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தது. பின்னால் கூட்டம் திரும்பியது, வெள்ளை பளிச்சிட்டது, அவன் சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அழுத்திவிட்டேன். இதையே போடு என்று சொன்னதும் நான்தான். படத்துக்குக் கீழே அவனே எழுதினான்: "லென்ஸ் தேய்க்கிறேன். புறா வளர்க்கிறேன். பொய் சொல்வதில்லை."

பதில்கள் வந்தன. "புறாக்காரன் பொய் சொல்லலைன்னு சொல்றதுக்கு யார் சாட்சி?" என்று ஒருத்தி. "கல்யாணத்துக்கு அப்புறம் நானும் கூண்டுலதான் தூங்கணுமா?" என்று இன்னொருத்தி. மீதியெல்லாம் மௌனம். ஷாஹிர் என் சமையலறையில் உட்கார்ந்து மரமிய்யா இலை போட்ட தேநீரைக் குடித்தபடி ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டுவான். இல்ஹாம் தினமும் போன் செய்து, "படத்தை எடுத்துடு," என்றாள். "இருக்கட்டும்," என்பான். சொல்லும்போது குரலில் மாற்றம் இல்லை, ஆனால் விதை கொறிப்பது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. துணியில் எச்சம் விழுந்தபோதுகூட இரண்டு நாள் திட்டாமல் விட்டேன்.

அப்புறம் காபிக் கோப்பையைப் படமாக வைத்திருந்த ஒருத்தி எழுதினாள். தஹானி என்று பெயர்.

"கையில இருக்கிற புறா உங்களது இல்லையே. இறக்கை ஓரத்துல நூல் தெரியுது."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், சிறகோரத்தில் மெல்லிய வெள்ளை நூல். ஏன் அது மட்டும் அசையாமல் உட்கார்ந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பறக்க முடியாத புறா வேறு எங்கே போகும்.

ஷாஹிர் உடனே பதில் எழுதினான். "ஆமா. சண்டையில பிடிச்சது. தாஜ் மலை மர்வானோடது. வழக்கப்படி என்கிட்ட இருக்கு."

"மர்வான் என் அண்ணன். போன குளிர்காலமே தோஹாவுக்கு வேலைக்குப் போயிட்டான். அதுலேர்ந்து உங்களோட சண்டை போடுறது நான்தான்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். போனில் அடுத்தது வந்து விழுந்தது.

"புறாவைத் திருப்பிக் கேக்கல. வழக்கம் எனக்கும் தெரியும். ஆனா 'பொய் சொல்றதில்ல'ன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு மேல என் புறா கட்டின இறக்கையோட உக்காந்திருக்கு. உங்க கையில ஆசையா வந்து உக்காந்த மாதிரி. அது ஒண்ணுதான் உறுத்திச்சு."

அவன் படத்தைப் பெரிதாக்கி அந்த நூலைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல உட்கார்ந்திருந்தான். கோர்ட்டில் சாட்சி எடுபடாது என்று ஊரே சொன்னபோது உறைக்காதது இப்போது உறைத்தது.

"உம்மு ஃபாரிஸ், நான் பொய் சொல்லிட்டேனா?"

"நீ சொல்லல. படம் சொல்லியிருக்கு."

"படம் என்னுதுதானே." எழுந்துகொண்டான்.

இல்ஹாமுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புறாவை வெறுக்காத ஒருத்தி கிடைச்சிருக்காடா. படத்தை மாத்து, நாலு இனிப்பான வார்த்தை எழுது, புறா நம்மகிட்டயே இருக்கட்டும், அவளே கேக்கலைங்கறா." ஷாஹிர் எழுந்து கூண்டுக்குப் போனான். சண்டையில் பிடித்த புறாவைத் தானாக விடுகிறவன் கதி என்ன என்று எனக்குத் தெரியும். சுற்றி எல்லா மாடியிலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமைப் புறாச்சந்தையில் வருஷம் முழுக்க அவனைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்கென்று ஊரில் இருந்த கொஞ்சம் மரியாதை அந்தச் சந்தையில்தான் இருந்தது. இவ்வளவுக்கும் மேலே, புறா போய்ச் சேர்ந்தபின் அவள் ஒரு வார்த்தை எழுதாமலும் போகலாம்.

மறுநாள் சாயங்காலம் என் கதவைத் தட்டினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பித்தான் வரை போட்டிருந்தான். "போனை எடுத்துக்கிட்டு மேல வாங்க."

கூண்டு திறந்திருக்கவில்லை. அவன் கூட்டம் உள்ளே இருந்தது, கழி சுவரில் சாய்ந்திருந்தது. சுற்றி மற்ற மாடிகளில் கூட்டங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. புகைநிறப் புறாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, சிறகை விரித்து, குனிந்து நூலைப் பல்லால் கடித்தான். ஒரு சிறகு, பிறகு இன்னொரு சிறகு. இறகுகளை விரலால் நீவிச் சரிசெய்தான். கையை உயர்த்தினான்.

புறா உடனே போகவில்லை. அவன் விரலிலேயே இருந்து சிறகை ஒருமுறை விரித்து மூடியது. பிறகு கிளம்பி எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, பள்ளத்தாக்கின் மேலாக நேரே தாஜ் மலைக்குப் போனது.

பக்கத்து மாடியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "என்ன ஷாஹிர், கை நழுவிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கிழவரே தப்பிக்க வழி போட்டுக் கொடுத்திருந்தார். சொல்லேன்டா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"இல்ல சித்தப்பா," என்றான் ஷாஹிர், எல்லா மாடிக்கும் கேட்கும்படி. "நானாத்தான் விட்டேன்."

சிரிப்பு கிளம்பியது, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தூரம் தெரியாது, அவனுக்குத் தெரியும். நீலத் தொட்டியின் மேல் புகைநிறம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை எடுத்தான்.

பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினான். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் கேமராக் கண்ணை வட்டமாகத் துடைத்தான், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"பழைய படத்தை அழிச்சிட்டேன். இப்ப எடுங்க."

"எதைப்பா எடுக்கிறது? புறாதான் இல்லையே."

அவன் தாஜ் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைப்பைக்குள் விரலை விட்டு எடுத்து, என் முன்னால் கையை நீட்டி விரித்தான். உள்ளங்கையில் கடித்த நூல் இரண்டு துண்டு கிடந்தது.