கொல்லைச் சுவரில் ஒரு புள்ளிக் காக்கை

ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையை வைத்துவிட்டுத் தெருவாசலுக்கு ஓடுவேன். அருப்புக்கோட்டை பஸ் நிற்காமல் போன சத்தம் கேட்டதும் கொல்லைக்குப் போவேன். திரும்பி வந்தால் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கும். என் கணவர் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தார். மார்கழிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. பாலவனத்தத்துக்காரர் ஒருவர் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு, நானும் மாமியாரும் போய் விசாரித்தோம். "வழியில பாக்கலத்தா" என்றார், அவ்வளவுதான்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. அத்தை, மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன், கொல்லைச் சுவரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகுதான் தன் வாயில் வைப்பார். செத்துப்போன மாமா காக்கையாக வந்து எடுக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. கால் விரல் ஒன்று போன ஒரு காக்கைதான் மாமா என்று முடிவும் செய்திருந்தார். அதைக் கண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார்.

ஆனிக் கடைசியில் அந்தக் காக்கையோடு இன்னொரு கறுப்புப் பறவை வரத் தொடங்கியது. காக்கைக்கு இருக்கும் சாம்பல் கழுத்து அதற்கு இல்லை. உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள், வால் நீளம். சோற்றைத் தானாகத் தொடாது. சுவரில் உட்கார்ந்து இறக்கையை நடுக்கிக்கொண்டு வாயைப் பிளக்கும். விரல் போன காக்கை சோற்றை எடுத்து அதன் வாயில் திணிக்கும்.

"பாத்தியாத்தா, அவுக மகனுக்கு ஊட்டுறாக" என்றார் அத்தை. அன்று அவர் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகன் செத்துக் காக்கையாகிவிட்டான் என்றால் நான் யார்? வருகிற ஆடி அமாவாசைக்கு அத்தை என் கணவர் பெயருக்கும் சேர்த்துச் சோறு வைப்பார். வைத்த கையோடு ஊரே கூடி என் தாலியைக் கழற்றச் சொல்லும். ஒரு பறவை வாயைப் பிளந்ததற்கு நான் தாலியறுக்க வேண்டுமா?

"அது காக்காயே இல்ல அத்தை. குயில் குஞ்சு. காக்கா கூட்டுல முட்டைய விட்டுட்டுப் போயிருக்கும்."

"குயிலு கூவும். இது கரகரன்னுல்ல கத்துது?"

கத்தல் காக்கைக் குஞ்சின் கத்தல்தான். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. குனிந்து பெருக்கும்போதும் கண் சுவரில் இருக்கும். வாலில் பட்டை தெரிகிறதா, அலகு கட்டையா, இன்றைக்காவது கூவுமா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. வேப்பமரத்தடியில் நின்று "கூவித் தொலையேன்" என்று திட்டினேன். ஒருநாள் ஆத்திரத்தில் விளக்குமாற்றை எறிந்தேன். இரண்டும் பறந்து போய், சற்று நேரத்தில் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கின.

அமாவாசை வந்தது. அத்தை குளித்துச் சமைத்து, இலைத்துண்டில் இரண்டு பிடி சோறு எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். யார் யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை. என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

அவர் இலையை வைப்பதற்குள் புள்ளிப் பறவை சுவருக்கு வந்து வாயைப் பிளந்தது. பின்னாலேயே விரல் போன காக்கையும் வந்தது. ஊட்டவில்லை. அதன் தலையில் ஓங்கிக் கொத்தியது. அது வேப்பமரத்துக்கு ஓட, விடாமல் துரத்திக் கண்மாய்க் கரை வரை விரட்டிவிட்டுத் திரும்பியது. வளர்த்தது யார் குஞ்சு என்று காக்கைக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. குயில் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சொல்ல வாயைத் திறந்தேன்.

அத்தை முந்திக்கொண்டார். "செத்தவுக சோத்துல ஒனக்கு என்ன சோலின்னு தொரத்திட்டாகடி! எம்மகன் உசுரோட இருக்கான்!" அழுதார், சிரித்தார்.

பறவையைப் பார்த்துச் சாவைச் சொல்வது மடத்தனம் என்று அத்தனை நாளும் சண்டை போட்டவள் நான். அதே பறவை உயிரைச் சொன்னதும் நம்பினேன். முழுசாக நம்பினேன். குயில் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"மாமா செஞ்சாச் சரியாத்தான் அத்தை இருக்கும்" என்றேன்.

அவர் ஒரு பிடியைச் சுவரில் வைத்தார். மற்றதைப் பானையிலேயே திரும்பப் போட்டார்.