பிரிக்காத குச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சாத்திய கதவுக்கு வெளியே நாங்கள் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து பேரும் எங்கள் தெரு மகளிர் குழு. எல்லோரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். ஆனாலும் உள்ளே போக எங்களுக்கு அனுமதி கிடையாது. உள்ளே இரண்டே பேர். ஒருத்தி பவித்ரா, பதிமூன்று வயது, மூன்று நாளைக்கு முன்புதான் பெரியவளானாள். இன்னொருத்தி முத்துச்செல்வி, பிளஸ் டூ படிக்கிறாள்.

"என்னதான் பேசுறாளுக இம்புட்டு நேரம்?" என்று பவித்ராவின் அம்மா முணுமுணுத்தாள்.

"பேசட்டும். நம்ம பேசிக் கிழிச்சது போதாதா?" என்றாள் தங்கம்.

'நம்ம' என்று அவள் சொன்னது மரியாதைக்காக. உண்மையில் என்னைத்தான் சொன்னாள். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்... கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே முத்துச்செல்வி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது பெரியவளானாள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் வீட்டோரமாக ஒரு குடிசை கட்டுவார். குச்சு என்போம். பெண் அதற்குள் உட்கார்ந்திருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில், கட்டிய மாமனே அதைப் பிரிக்க வேண்டும். அவர் பிரித்தால்தான் பெண் வெளியே வந்ததாக அர்த்தம்.

முத்துச்செல்வியின் மாமா முருகேசன் மினி லாரி வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து திராட்சை லோடு ஏற்றுகிறவர். அக்கா மகள் என்றால் உயிர். குச்சு கட்டினார், சீர் கொண்டுவந்தார், மனசு ஆறவில்லை. அப்போதுதான் எங்கள் தெருச் சடங்குகளுக்கும் ஃப்ளெக்ஸ் போர்டு வைக்கிற வழக்கம் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"யக்கா, பத்திரிகையில எழுதுறவுக நீங்க. நம்ம பாப்பா போர்டுக்கு நாலு வரி எடுப்பா எழுதித் தாங்க."

விடுவேனா? 'பொன்மலரே, பூங்குயிலே, பூத்து நிற்கும் புதுநிலவே' என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். மலர் எப்படிக் குயிலாகும், குயில் எப்படி நிலவாகும் என்றெல்லாம் கேட்காதீர்கள். எடுப்பாக இருந்தது. முருகேசன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே போர்டு எழுந்தது. இருபது அடி. பட்டுப்புடவையில் முத்துச்செல்வி. கீழே என் கவிதை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நானே எட்டிப் பார்த்துப் பூரித்துப் போவேன்.

விசேஷம் முடிந்தது. குச்சைப் பிரித்தார்கள். முத்துச்செல்வி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். புதன்கிழமை வயிற்றுவலி என்று படுத்தாள். வியாழன், வெள்ளி... அடுத்த வாரம் முழுக்கவும் அதே வயிற்றுவலி.

காலாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. அவள் அம்மா பாண்டியம்மா குழுக் கூட்டத்தில் அழாத குறையாகச் சொன்னாள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். வெந்தயம் கொடு, பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடு. நான் சும்மா இருப்பேனா? என் பங்குக்கு ஓமம்.

தங்கம் மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். முத்துச்செல்வி ஏறும் அதே பஸ்ஸில்தான் தினமும் போவாள்.

"வயித்துல ஒண்ணும் இல்ல. வலி பஸ் ஸ்டாப்புல இருக்கு" என்றாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். முத்துச்செல்வி ஸ்டாப்புக்கு வந்ததும் பையன்கள் போர்டைப் பார்ப்பார்களாம், அவளைப் பார்ப்பார்களாம். பஸ்ஸில் ஏறினால், 'வழி விடுங்கடா, பொன்மலர் வருது' என்பான் ஒருவன். 'பூங்குயிலு டிக்கெட் எடுத்திருச்சா?' என்பான் இன்னொருவன். பஸ்ஸே சிரிக்குமாம்.

"அந்தப் பயலுகளுக்கு இம்புட்டுத் தமிழ் எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

தங்கம் என் முகத்தைப் பார்க்காமல், "போர்டுல இருக்கிறதத்தான் படிக்கிறானுக" என்றாள்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. என் எழுத்தை இவ்வளவு பேர் மனப்பாடம் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சரி, போர்டை எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பாண்டியம்மா பதறினாள். "ஒரு மாசங்கூட ஆகல. இப்ப எறக்குனா அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டைன்னு ஊரே பேசும். அவன் மனசு விட்டுப் போயிரும். நான் எப்படிச் சொல்லுவேன்?"

மகள் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா தம்பியிடம் சொல்ல மாட்டாள். நடுவில் ஒரு பிள்ளையின் படிப்பு.

மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் முருகேசன் வீட்டுக்குப் போனோம். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றி வளைத்து என்னென்னவோ பேசினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கம் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, குச்சைக் கட்டுன மாமன்தான அதப் பிரிக்கணும்?"

"ஆமா. அதான் பிரிச்சாச்சே."

"ஒண்ணத்தான் பிரிச்சீக. ரோட்டுல நிக்கிதே, அதுவும் நீங்க கட்டுனதுதான? புள்ள இன்னும் வெளிய வரல. அதுக்குள்ளதான் உக்காந்திருக்கா."

பஸ்ஸில் நடந்ததையும் சொன்னாள். முருகேசன் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பாப்பா இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். கோபமில்லை. குரல் உடைந்திருந்தது.

அன்றைக்கே ஏணியோடு போனார். பஸ் ஸ்டாப்பில் யாரோ, "என்ன முருகேசா, அக்கா வீட்டுல ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டார்கள்.

ஏணி மேலிருந்தே சத்தமாகச் சொன்னார்: "எங்க பிள்ளைக்குச் சடங்கு முடிஞ்சிருச்சு. மாமன் வந்து பிரிக்கிறேன்."

நான் கீழே நின்று போர்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் முத்துச்செல்வி பள்ளிக்கூடம் போனாள். பஸ்ஸில் அவளைச் சுற்றித் தங்கமும் தோட்டத்துப் பெண்களும் உட்கார்ந்துகொண்டார்கள். தமிழ் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் குனிந்துகொண்டே சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன் அத்தை. யாருமே கேக்கலையே."

யோசித்துப் பாருங்கள். மண்டபம் கேட்டோம், சமையல்காரரைக் கேட்டோம், ஜோசியரைக் கேட்டோம். யாருக்காக இத்தனையும் செய்தோமோ, அவளைக் கேட்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தோம். எங்கள் தெருவில் யார் பெரியவளானாலும், முதலில் அவளிடம் கேட்பது. ஆனால் பெரியவர்கள் போய்க் கேட்டால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடும். அதனால் இதைத் தாண்டி வந்த ஒரு பெண்தான் போய்க் கேட்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வேலையை முத்துச்செல்வியே எடுத்துக்கொண்டாள். உடம்பைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி... என்ன பேசுவார்களோ, எங்களுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உள்ளே ஒரே சிரிப்பு. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"பதினாறு நாளெல்லாம் லீவு போட மாட்டாளாம். திங்கக்கிழமையே பள்ளிக்கூடம் போகணுமாம்" என்றாள் முத்துச்செல்வி. பவித்ராவின் அம்மா பெருமூச்சு விட்டுத் தலையசைத்தாள்.

"அப்புறம்... போர்டு வேணுமாம். இருபதடி. பஸ் ஸ்டாப்புலதான் வேணுமாம்."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "போர்டா? நீ உன் கதையச் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னேன் அத்தை. 'அது நீங்கக்கா, நான் வேற'ன்னு சொல்லிட்டா. கேட்டா மனசுல உள்ளதச் சொல்லத்தான செய்வாக?"

நியாயம்தானே? வேண்டாம் என்கிற பதிலை மட்டும் எதிர்பார்த்துக் கேட்பது என்ன கேள்வி?

புதன்கிழமை பவித்ராவின் மாமா வந்து நான்கு வரி கேட்டார். பயந்து பயந்து எழுதினேன். பிள்ளையிடம் காட்டாமல் அச்சடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலமே தாள் திரும்பி வந்தது. மூன்று வரியில் சிவப்பு மையால் கோடு. நிலவு போயிற்று, மலர் போயிற்று, ஒரு தேரும் போயிற்று. மிச்சம் இருந்தது 'பவித்ரா, எட்டாம் வகுப்பு' என்ற வரி மட்டும். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'கோ-கோ டீம் கேப்டன்.'

எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு எடிட்டர் எனக்கு வாய்த்ததில்லை!