அண்ணனுக்குக் கொடுத்த ஜோடி மீன்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்த மீன் கடைக்குள் கால் வைத்தாலே ஈரப் பாசியும் மீன் இரைக்கான புழுச் சேறும் கலந்த வாடை மூக்கில் அப்பிக்கொள்ளும். அந்த வாடைக்குள் நின்றபடிதான், எட்டாம் வகுப்பு படித்த எனக்கு வாழ்க்கையின் முதல் உருப்படியான யோசனை வந்தது. கடைக்கார பாய் ஒரு தொட்டியைக் காட்டினார். கறுப்புப் பாவாடை கட்டியதுபோல் பின்பாதி இருண்ட, தட்டையான சின்ன மீன்கள் முப்பது நாற்பது, ஒன்றாகத் திரும்பி ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. "விடோ டெட்ரா" என்றார்.

"சாது மீனு பாப்பா. ஆனா கூட்டமா கீற வரைக்கும்தான் சாது. ரெண்டே ரெண்டா உட்டா பயந்துகினு மத்த மீனு ரெக்கையைக் கொறிக்கும். எட்டு பத்து வாங்கிகினு போ."

"ரெண்டு போதும் பாய்" என்றேன்.

"இன்னா பாப்பா, சொல்லிகினே கீறேன்."

"எல்லாரும் ஜோடியாத்தானே வாங்குறாங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு வலையை எடுத்தார். நான் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது குழம்புக்கான மீனைக் கிலோவிலும் தொட்டிக்கான மீனை "ஜோடி"யிலும்தான் வாங்குவார்கள். ஆணும் பெண்ணுமாக விட்டால் பெருகும் என்று ஒரு நம்பிக்கை. கூட்டமாக வாழ்கிற மீனையும் இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அது ஏன் கல்லுக்குப் பின்னால் ஒளிகிறது என்று கவலைப்படுவார்கள். அந்த வழக்கம் எனக்கு நல்ல மறைவாக அமைந்தது.

அம்பத்தூரில் எங்களுக்கும் பெரியப்பா குடும்பத்துக்கும் ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, கழிவு இரும்புப் பட்டைகளை வெல்டிங் வைத்து, கண்ணாடியைப் "புட்டி" பசை போட்டு ஒட்டி எனக்கொரு தொட்டி செய்து கொடுத்திருந்தார். அதில் நான் வளர்த்தவை நீலக் கோடு போட்ட "சீப்ரா" மீன்கள். தாய் மீனே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, முட்டைகள் அவற்றின் இடுக்கில் விழும்படி செய்து, ஊசிமுனை அளவுக் குஞ்சுகளுக்கு வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் வடித்து ஊட்டி, நானாக ஆளாக்கிய பதினொரு மீன்கள். காலையில் வெயில் பட்டதும் பதினொன்றும் ஒரே வீச்சில் திரும்பும். அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவேன்.

தம்பிக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போனபோது, இரை போடச் சொல்லி வீட்டுச் சாவியை மாடியிலிருந்த பெரியப்பா மகன் முரளி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தால் தண்ணீர் தெளிவாக இருந்தது, மீன் ஒன்றுகூட இல்லை.

"என் ஏஞ்சல் ரெண்டு நாளா ஒண்ணுமே துன்னல. உன்னுதைப் போட்டுப் பாத்தேன், சும்மா லபக் லபக்னு முழுங்குது. நீ பாத்திருக்கணும்டி" என்றான், ஏதோ எனக்கே பெருமை தேடித் தந்தவன்போல.

அவனுடைய ஏஞ்சல், உள்ளங்கை அகலத்தில், பாய்மரம்போல் விரிந்த துடுப்புகளோடும் அடியில் தொங்கும் இரண்டு இழைகளோடும், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும் மீன். "பூச்சி மாதிரி இருந்துச்சு, அதுக்கு இன்னாத்துக்கு இந்த ஒப்பாரி" என்றார் பெரியம்மா. "அண்ணந்தானே, உட்டுத் தள்ளு" என்றார் அப்பா. ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனாகவே வந்து தப்பு என்று சொல்லுவான் என்று இரண்டு வாரம் பார்த்தேன். பிறகுதான் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன்.

அவன் பிறந்தநாளன்று ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கவரோடு மாடிக்குப் போனேன்.

"இன்னாடி, கோவம் போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே."

அவனுக்குக் கண் கலங்கியதுபோல இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பின் தினமும் ஏதாவது சாக்கு வைத்து மாடி ஏறினேன். நான்காம் நாள் ஏஞ்சலின் இழைகள் பாதியாகியிருந்தன. பத்தாம் நாள் பாய்மரம் கந்தலாயிற்று; கடிபட்ட இடத்தில் பஞ்சுபோல் பூஞ்சை கட்டியது. அவன் கல்லுப்பு போட்டான், மஞ்சள் மருந்து ஊற்றினான். கடைசியில் என்னிடமே வந்தான்.

"நீதான் மீன் பொஸ்தகம்லாம் படிக்கிறியே, இன்னா பண்லாம் சொல்லு."

இன்னும் ஆறு டெட்ரா வாங்கி விட்டால் அவை தங்களுக்குள் விளையாடிக்கொண்டு ஏஞ்சலை மறந்துவிடும் என்பது எனக்கு மனப்பாடம். "தண்ணிய மாத்திப் பாருண்ணே" என்றேன்.

ஏஞ்சல் மிதந்த மாலையில் அவன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். நான் கீழே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. உறுத்துவது அந்த டெட்ராக்கள் மட்டும்தான். காலித் தொட்டியின் மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பயத்தில் நிறம் வெளுத்து நின்றன. திருப்பிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று கேட்காமலே இருந்துவிட்டேன். மாதம் முடியுமுன் இரண்டும் போய்விட்டன.

பதின்மூன்று வருடமாயிற்று. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் நிற்கிறது. இரும்புப் பட்டைத் தொட்டியை நகரத்தில் யாரும் இப்போது செய்வதாகத் தெரியவில்லை. போன வருடம் கல்யாணமாகி முகப்பேரில் குடியேறிய முரளி அண்ணன் மட்டும், எந்த விசேஷத்திலும் என்னைக் காட்டி ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "இவ மீனையெல்லாம் நான் காலி பண்ணேன். ஆனா என் பொறந்தநாளுக்கு இவ மீன் வாங்கிகினு வந்தா பாரு. தங்கமான பொண்ணு." சொந்தக்காரர்கள் என் கன்னத்தைத் தொட்டு தங்கள் நெற்றியில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார்கள். பழி தீர்த்துவிட்டதாக நான் நினைத்த ஒன்று, அவனுக்கு நல்ல நினைவாகவே தங்கிவிட்டது. அடித்தது யாரென்று தெரியாத வரைக்கும் அது அவனுக்கு அடியே இல்லை.

வரும் ஞாயிறு புதுத் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறான். போகிறேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, அவன் வழக்கம்போல் ஆரம்பித்து, "தங்கமான பொண்ணு" என்று முடிக்கும்வரை பேசாமல் இருப்பேன். அதற்குப் பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மீதியை நான் சொல்லப்போகிறேன்.